சிறுவாணித் தண்ணியில் வளர்ந்த மீன்கள் போர் தண்ணிக்குக் குடிபோகும்போது

கோவை வடவள்ளியிலிருந்து ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் குடிபோகிறீர்கள். ஏஞ்சல் ஆறு, டெட்ரா பன்னிரண்டு, கோரிடோராஸ் ஐந்து, ஒரு அடி நீளத்தில் சக்கர் மீன் ஒன்று என நாலு வருடமாக ஓடும் நாலடித் தொட்டி. குப்பி, மோலி மீன்கள் உள்ள இரண்டடித் தொட்டி. தண்ணியை முழுக்கக் கேனில் பிடித்துப் போய் அங்கே ஊற்றிவிட்டால் போதுமா, மணலைக் கிளறாமல் தொட்டியோடு தூக்கிவிடலாமா, மீன் எத்தனை மணி நேரம் வெளியே தாங்கும் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: பழைய தொட்டியில் டிடிஎஸ் (தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 180, புது வீட்டு போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், 1,100. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சுலபம். கேட்காமல் விட்ட இந்த வரிதான் மீனைக் கொல்லக்கூடியது. ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

முதலில் பழைய தண்ணி. "நல்ல பாக்டீரியா தண்ணியில்தான் இருக்கு, ஒரு சொட்டு விடாம கொண்டு போங்க" என்று கடைகளில் சொல்வார்கள். அது சரியில்லை. மீனிடமிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா எதையாவது பற்றிக்கொண்டு வாழ்பவை. பில்டர் பஞ்சு, செராமிக் வளையம், மணல், கண்ணாடியில் கைபட்டால் வழுக்கும் படலம், இங்கேதான் அவை இருக்கும். தண்ணியில் மிதப்பது சொற்பம். அப்படியானால் பழைய தண்ணி வீணா என்றால், இல்லை. மீனின் உடம்பு பழகியிருப்பது அந்தத் தண்ணியின் உப்புக்கும் பிஹெச்சுக்கும் (அமில, கார அளவுக்கும்). அந்தப் பழக்கத்துக்காகத்தான் பாதித் தண்ணியைக் கொண்டு போகச் சொல்கிறேன், பாக்டீரியாவுக்காக அல்ல. தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 255 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்றால் 20 லிட்டர் கேன் ஐந்து. வண்டியில் வைக்கக்கூடிய கணக்குத்தான்.

இப்போது அந்த 180, 1,100 விஷயம். கோவைக்குக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணி மிக மென்மையானது, அதாவது உப்பு குறைந்தது. அதில் காரத்தன்மை குறைவு. தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியா அந்தக் கொஞ்சக் காரத்தையும் நாளாக நாளாகத் தின்றுவிடும். தண்ணி மாற்றுவதில் சோம்பல் பட்ட பழைய தொட்டிகளில் பிஹெச் 6 வரைக்கும் கூட இறங்கிக் கிடக்கும். அங்கே அமோனியா கொஞ்சம் இருந்தாலும் மீனுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தப் பிஹெச்சில் அது பெரும்பாலும் விஷமில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கிறது. 28 டிகிரியில் பிஹெச் 6 என்றால் மொத்த அமோனியாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட விஷ வடிவில் இராது. பிஹெச் 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஹெச் 8 என்றால் நூற்றில் 6, 7. நம் பக்கத்துப் போர் தண்ணி ஒரு இரவு காற்று விட்டு வைத்தால் 8 பக்கம் ஏறி நிற்பது சாதாரணம். நேற்றுவரை ஒன்றும் செய்யாமல் இருந்த அதே அமோனியா, போர் தண்ணி சேர்ந்த அரை மணி நேரத்தில் செவுளைச் சுட ஆரம்பிக்கும். "தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு, எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்துச்சு" என்று சொல்லப்படும் சாவுகளில் பல இந்த வகை.

இது போக உப்பு மாற்றம் தனி. மென்மையான தண்ணியிலிருந்து கடினத் தண்ணிக்குப் போவதை விட எதிர்த்திசையில் போவதுதான் மீனுக்கு அதிகக் கொடுமை. உங்களுக்கு அந்த வகையில் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆனாலும் ஒரே நாளில் ஆறு மடங்கு ஏற்றம் என்பது டெட்ராவும் கோரிடோராஸும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் காரியம் அல்ல. பையை மிதக்கவிட்டு அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணி விடுவதால் வெப்பமும் ஓரளவு பிஹெச்சும் சமமாகும். உடம்பு உப்புக்குப் பழக நாள்கணக்கில் வேண்டும்.

ஆகவே பழக்குகிற வேலையைப் புது வீட்டில் செய்யாதீர்கள், இப்போதே வடவள்ளியில் செய்யுங்கள். வீட்டு வேலை பார்க்க எப்படியும் பெருந்துறை போய் வந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கேன் போர் தண்ணி பிடித்து வாருங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை நாலடித் தொட்டியில் 30 லிட்டர் எடுத்துவிட்டு, 15 லிட்டர் போர் தண்ணியும் 15 லிட்டர் சிறுவாணியும் கலந்து ஊற்றுங்கள். புதிதாகப் பிடித்த சிறுவாணியில் டிடிஎஸ் தொட்டியின் 180-ஐ விடக் குறைவு என்பதால், அந்தக் கலவையின் டிடிஎஸ் 600-ஐ ஒட்டி இருக்கும். மூன்று வாரத்தில் ஏழு தடவை மாற்றினால் தொட்டித் தண்ணியில் மூன்றில் இரண்டு பங்கு புதுக் கலவையாகி, மீட்டர் 450 பக்கம் காட்டும். குடிபோகும் நாளில் இதில் பாதியும் புதுக் கலவை பாதியும் சேர்ந்தால் 500-க்கு மேல் கொஞ்சம். மீனுக்கு அது ஒரு பெரிய தண்ணி மாற்று, அவ்வளவே. மோலிக்கும் குப்பிக்கும் இந்தச் சிக்கல் இல்லை, இரண்டுக்கும் கடினத் தண்ணிதான் பிடிக்கும். இரண்டடித் தொட்டியில் ஒவ்வொரு தடவையும் 8 லிட்டர் முழுப் போர் தண்ணியாகவே மாற்றி வரலாம்.

இதைத் தொடங்கும் முன் பழைய தொட்டியில் அமோனியா, பிஹெச் இரண்டையும் திரவச் சோதனைக் கிட்டில் பாருங்கள். அமோனியா தெரிகிறது என்றாலோ பிஹெச் 6.5-க்குக் கீழே என்றாலோ முதல் ஒரு வாரம் போர் தண்ணியைத் தொடாதீர்கள். குளோரின் போக்கிய சிறுவாணித் தண்ணியிலேயே மூன்று நான்கு தடவை மாற்றி, அமோனியா இல்லை என்று ஆன பிறகு கலவைக்கு வாருங்கள்.

போர் தண்ணி பற்றி இன்னும் ஒரு சொல். நிலத்தடியிலிருந்து மோட்டார் இழுத்த கையோடு வரும் தண்ணியில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு இரவாவது காற்றுப் பம்பில் மாட்டிய காற்றுக்கல் போட்டுவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சுண்ணாம்பாலும் மெக்னீசியத்தாலும் வந்த 1,100 வேறு. வயலின் உரத்தாலும் ஆலைக் கழிவாலும் வந்த 1,100 வேறு. போருக்குப் பக்கத்தில் சாயப்பட்டறையோ தோல் ஆலையோ இருந்தால், அல்லது நொய்யல் கரையை ஒட்டிய நிலம் என்றால், மீட்டரை நம்பாமல் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மீனுக்காக என்று இல்லை, நீங்களும் அந்தத் தண்ணியில்தானே புழங்கப் போகிறீர்கள். நிரந்தரமாக அங்கே என்ன தண்ணி ஊற்றுவது என்ற கேள்விக்கு, வாரம் ஒருமுறை 40, 50 லிட்டர் மாற்றப் பாதி போர், பாதி ஆர்.ஓ. தண்ணி என்பது செலவும் அலைச்சலும் தாங்கக்கூடிய அளவு. ஊரில் ஆற்றுத் தண்ணிக் குழாய் வருகிறதென்றால் ஆர்.ஓ.வுக்குப் பதில் அந்த நல்ல தண்ணி. கடையில் விற்கும் ஏஞ்சல் எல்லாம் பண்ணையில் பிறந்தது, 500, 600 டிடிஎஸ்ஸில் நன்றாகவே இருக்கும். குஞ்சு எடுக்க வேண்டும் என்றால்தான் மென்மையான தண்ணிக்கு மெனக்கெட வேண்டும்.

குழாய்த் தண்ணியாக இருந்தால் குளோரினை முறித்துத்தான் ஊற்ற வேண்டும். மீன் கடையில் கற்கண்டு போல விற்கும் சோடியம் தயோசல்பேட் 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் சுமார் 1.4 பிபிஎம் (லிட்டருக்கு 1.4 மில்லிகிராம்) குளோரின் வரை முறியும். வழக்கமான குழாய்த் தண்ணிக்கு அது போதும். டேங்கர் தண்ணியில் பிளீச்சிங் வாடை தூக்கலாக அடித்தால் 2 கிராம் போடுங்கள்.

கேன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பழைய நீலக் கேன், வெள்ளைக் கேன் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு இருந்தது சாயப்பட்டறை ரசாயனமா, பூச்சி மருந்தா, அசிட்டா என்று விற்பவருக்கே தெரியாது. பத்துத் தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் குடித்ததை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். குடிதண்ணிக் கேன் அல்லது புது வாளி மட்டும். வீட்டில் இருக்கிறதே என்று பித்தளை அண்டாவிலோ செப்புக் குடத்திலோ மீனை விடாதீர்கள். மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் நத்தைக்கும், செம்பு நஞ்சு.

அடுத்து, தொட்டியை மணலோடு தூக்கலாமா? நாலடித் தொட்டியை, முடியவே முடியாது. 10 மி.மீ. கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே 50 கிலோவுக்கு மேல். இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் இருந்தால் அது 45 கிலோ, ஈரத்தோடு இன்னும் கூடும். இந்த எடையைத் தொட்டி தாங்கும், ஸ்டாண்டில் அசையாமல் இருக்கும்வரை. நாலு பேர் நாலு மூலையில் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் அரை அங்குலம் முன்னால் தூக்கினாலும் அடிக் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். அப்போது சிலிக்கான் ஒட்டில் மயிரிழை அளவு பிரிவு வரும். அன்றைக்குத் தெரியாது. தண்ணி நிரப்பி இரண்டு நாளோ இரண்டு வாரமோ கழித்து, ராத்திரியில், மூலையில் கசியும். மணலை முழுக்க எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாலு வருட மணலின் அடியில் சேர்ந்த கசடும், காற்றில்லாத இடத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடும் குலுங்கினால் வெளியே வரும். கறுப்புத் திட்டு தெரிந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அதுதான். மீனை எல்லாம் வெளியே எடுத்த பிறகே மணலில் கை வையுங்கள். வாளியில் போட்டு, ஊற்றும் தண்ணி தெளிவாக வரும்வரை அலசுங்கள். மணலிலுள்ள பாக்டீரியா கொஞ்சம் போகும், போகட்டும். பில்டர் உயிரோடு இருந்தால் அது ஈடுகட்டும்.

அந்தப் பில்டர்தான் இந்தக் குடிபெயர்வில் நீங்கள் கைக்குழந்தை போலத் தூக்கிப் போக வேண்டிய பொருள். உங்களுடையது கேனிஸ்டர், தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா வகை. மின்சாரத்தை நிறுத்தியதும் உள்ளே அடைபட்ட தண்ணியில் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியா சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு அவை சாக ஆரம்பிக்கும், வேறு வகைகள் பெருகும். அப்படியே கொண்டு போய் அங்கே சுவிட்சைப் போட்டால், உள்ளே புளித்த அந்தத் தண்ணி முழுவதும் முதல் நிமிடத்திலேயே மீன் மேல் கொட்டும். நிறுத்திய உடனே கேனிஸ்டரைத் திறந்து தண்ணியை ஊற்றிவிடுங்கள். செராமிக்கையும் பஞ்சையும் மூடி உள்ள வாளியில் போட்டு, மீன் தொட்டித் தண்ணியே ஒரு கை ஆழம் விட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், காற்றும் இருக்க வேண்டும், வெயில் படக்கூடாது. இப்படி வைத்தால் ஐந்தாறு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். சந்தேகமாக இருந்தால் மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாடை என்றால் நலம். சாக்கடை வாடை என்றால் பழைய தொட்டித் தண்ணியில் நன்றாக அலசிவிட்டுத்தான் போட வேண்டும். குடிபோவதற்குப் பத்து நாள் முன்பே பில்டரை லேசாகக் கழுவிவிடுங்கள், அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியில். அதற்குப் பிறகு அங்கே சேரும்வரை தொடாதீர்கள். "புது வீடு, சுத்தமா இருக்கட்டும்" என்று குழாயடியில் பஞ்சைப் பிழிந்து கழுவுவது, நாலு வருட உழைப்பைச் சாக்கடையில் விடுவது.

மீனுக்கு வருவோம். இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு காலியாக இருந்தால் வழியில் கழிவு குறையும். வளர்ந்த மீன் இதில் ஒன்றும் வாடாது. குப்பிக் குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு நாள் போதும். அன்று காலையில் ஹீட்டர் இருந்தால் முதலில் அதன் பிளக்கைக் கழற்றி, தண்ணிக்குள்ளேயே இருபது நிமிடம் ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணிக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். பிறகு மேல்தண்ணியை, கலங்குவதற்கு முன்பே, குழாய் போட்டு ஐந்து கேனில் இறக்கிக்கொள்ளுங்கள். செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போடுங்கள். மரக்கட்டை, கல் எல்லாம் வெளியே வந்து, தண்ணி ஒரு சாண் உயரத்துக்கு இறங்கிய பிறகு மீனைப் பிடித்தால் துரத்த வேண்டியதில்லை. இரண்டு வலை வேண்டும், ஒன்று நிற்க, ஒன்று தள்ள. கோரிடோராஸுக்கும் சக்கருக்கும் வலை ஆகாது. மிரண்டால் பக்கத் துடுப்பின் முள்ளை விறைத்து நிறுத்தும், அது வலையில் மாட்டினால் பிரித்தெடுப்பதற்குள் மீன் பாதி செத்துவிடும். ஒரு பிளாஸ்டிக் போசியைத் தண்ணிக்குள் சாய்த்துப் பிடித்து மெல்ல உள்ளே ஒதுக்குங்கள். அந்த முள் பையையும் கிழிக்கும், ஆகவே சக்கருக்குத் தனி வாளி. கோரிடோராஸை முதலில் ஒரு வாளியில் கால் மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொட்டித் தண்ணி ஊற்றி எடுத்துப் போங்கள். மிரட்சியில் அவை விடும் சுரப்பு மூடிய சிறு இடத்தில் அவற்றையே கொல்லும் என்பது வளர்ப்பவர்களிடையே பரவலான கருத்து. எவ்வளவு உண்மையோ, இந்த எச்சரிக்கைக்குச் செலவு ஒரு வாளித் தண்ணிதான்.

தொண்ணூறு கிலோமீட்டர், அவிநாசி வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம். இந்தத் தூரத்துக்கு ஆக்சிஜன் அடைத்த பை அவசியமே இல்லை. ஏஞ்சல் ஆறையும் 50 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் பாதித் தண்ணியோடு விட்டு, பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பைப் போட்டால் போதும். டெட்ராவைப் பையில் எடுப்பதானால் இரட்டைப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணி, இரண்டு பங்கு காற்று; அடி மூலைகளை ரப்பர் போட்டு மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மீன் அந்த முனையில் சிக்கி நசுங்கும். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி மூடுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும், மூச்சும் குறைவாக வாங்கும். வைகாசி வெயிலை எண்ணிக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணி சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரியில் 7-க்கும் கீழே. அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டியில் கை வைத்தால் எட்டு மணிக்குள் கிளம்பி, பத்தரைக்குள் அங்கே இருக்கலாம். மீனும் பில்டர் வாளியும் உங்களோடு காரில், ஏசியில். குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியில் தார்ப்பாயின் கீழே சாமானோடு சாமானாக மீனை அனுப்பாதீர்கள். ஓட்டுநர் டீ குடிக்க இறங்கும் கால் மணி நேரத்தில் அந்த வாளி வெந்நீராகும். ஆறேழு மணி நேரம் வரைக்கும் காற்றோட்டமுள்ள பெட்டியில் மீன் தாங்கும். வண்டி பழுதாகி அதற்கும் மேலே போனால் பெட்டியில் பாதித் தண்ணியைக் கேனிலிருக்கும் பழைய தண்ணியால் மாற்றிவிடுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் ஐந்து கேன்.

வெறும் தொட்டி குட்டி யானையில் போகட்டும். தூக்கும்போது அடிக் கண்ணாடியைத் தாங்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் குறுக்குப் பட்டையைப் பிடித்தால் பட்டை கையோடு வந்துவிடும். மெத்தை மேல், நீளவாக்கு வண்டியின் நீளவாக்கில், கேபினை ஒட்டி, நிமிர்ந்தபடியே வையுங்கள். இடம் மிச்சமாகிறதே என்று செங்குத்தாக நிறுத்தாதீர்கள், உள்ளே தலையணை கூட அடைக்காதீர்கள். சாமான் ஏற்றும் ஆட்களுக்கு வெற்றுத் தொட்டி என்றால் அது ஒரு கூடை. சொல்லி வைக்காவிட்டால் மிக்சியும் குக்கரும் அதற்குள்தான் போகும்.

புது வீட்டில் மீன் போவதற்கு முன்பு முடிந்திருக்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. பெயின்ட், வார்னிஷ் வாடை முழுக்க அடங்கியிருக்க வேண்டும். கரையான் மருந்து அடிப்பதாக இருந்தால் பல வாரம் முன்பே அடித்துவிட வேண்டும். பூச்சிக்கொல்லிகளில் பைரெத்ராய்டு வகை மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே எமன். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்து மெச்ச வேண்டும் என்று பலருக்கு ஆசை. ஆனால் கணபதி ஹோமப் புகையையும் சாம்பிராணியையும் காற்றுப் பம்பு உறிஞ்சி நேராகத் தண்ணிக்குள் விடும். விசேஷம் முடிந்து இரண்டு நாள் கழித்து மீன் வரட்டும். மொட்டை மாடியிலோ கீழேயோ புதிதாகச் சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தால் அதன் சுண்ணாம்பு பிஹெச்சை 9-க்கு மேலே கூடத் தூக்கும். பல தடவை நிரப்பி வடித்த பிறகும் அளந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அதுவரை போரிலிருந்து நேராகப் பிடியுங்கள். தரைத்தளம் என்றால் பளுக் கவலை இல்லை. மாடி என்றால் தண்ணி, மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் சேர்ந்து 350 கிலோ பக்கம் வரும்; சுவரை ஒட்டி, கீழே பீம் இருக்கும் பக்கமாக வைத்தால் சாதாரணக் கான்கிரீட் தளத்தில் நாலடித் தொட்டிகள் நிற்கத்தான் செய்கின்றன. ஆறடித் தொட்டி, வெளியே நீட்டிய பால்கனி, பழைய ஓட்டு வீட்டு மச்சு இவற்றுக்கு என் சொல் போதாது, கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

முந்தின நாளே ஸ்டாண்டை வைத்து ரசமட்டம் பார்த்துவிடுங்கள். புதுத் தளத்தில் தண்ணி ஓட்டத்துக்காகக் கொத்தனார் கொடுத்த சரிவு கண்ணுக்குத் தெரியாது, நிரப்பிய தொட்டியில் தெரியும். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே ஆப்பு கொடுத்துச் சரிசெய்யுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே அட்டை செருகாதீர்கள். பலகையைத் துடைத்து 12 மி.மீ. தெர்மாகோல் விரித்து அதன் மேல் தொட்டி. ஒரே ஒரு மணல் பருக்கை வெறும் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டினால் அந்தப் புள்ளியில் அடிக் கண்ணாடி விரியும், தெர்மாகோல் அதற்காகத்தான். ஒரு டிரம்மில் 100 லிட்டர் கலவைத் தண்ணி முந்தின நாளே காற்று விட்டு வைத்திருந்தால், வந்திறங்கிய பிறகு ஓட வேண்டியதில்லை.

மறுநாள் வந்ததும் மற்றச் சாமானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலசிய மணலைப் போட்டு, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் பழைய தண்ணியை ஊற்றுங்கள், மணல் குழிபறியாது. பாதி நிரம்பியதும் நிறுத்தி, அடி மூலைகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளை ஒட்டவைத்து அரை மணி நேரம் பாருங்கள். தாள் நனையாவிட்டால் மிச்சத்தை நிரப்பலாம். பில்டரை ஓடவிட்டு அரை மணி கழித்து மீன். பெட்டியில் இருக்கும் மீனுக்குத் தொட்டித் தண்ணியை டம்ளர் டம்ளராக முப்பது, நாற்பது நிமிடம் சேர்த்து, பிறகு மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பயணத் தண்ணி தொட்டிக்குள் வேண்டாம், அதில்தான் வழியில் சேர்ந்த அமோனியா எல்லாம் இருக்கிறது.

அன்றைக்கு விளக்கு வேண்டாம், தீனி வேண்டாம். மறுநாள் ஒரு சிட்டிகை; ஒரு வாரத்துக்கு வழக்கத்தில் பாதி. ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாள் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். 0.25 பிபிஎம் காட்டினால் தீனியை நிறுத்திக் கவனியுங்கள். 0.5 தொட்டால் கலவைத் தண்ணியில் 30 சதவீதம் மாற்றுங்கள். உங்கள் தண்ணி இப்போது பிஹெச் 8 பக்கம் இருக்கிறது என்பதால் வடவள்ளியில் பொறுத்த அளவை இங்கே பொறுக்க முடியாது. இரண்டாம் நாள் லேசாகப் பால் கலந்தது போல வெளிறினால் பயப்பட வேண்டாம், கிளறிய கசடைத் தின்று பெருகும் வேறு பாக்டீரியா அது, சில நாளில் தானாகத் தெளியும். அதைப் பார்த்துப் பில்டரைக் கழுவினால்தான் ஆபத்து.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில. புட்டியில் விற்கும் பாக்டீரியாவில் வேலை செய்பவையும் உண்டு. ஆனால் நம் ஊர்க் கடை அலமாரியின் கோடை வெப்பத்தில் எத்தனை மாதம் இருந்தது என்று புட்டி சொல்லாது. போட்டால் கெடுதல் இல்லை, அதை நம்பிப் பில்டரைக் கைவிடாதீர்கள். நீல மருந்தை (மெத்திலீன் புளூ) நோய்த் தடுப்புக்கு என்று தொட்டியில் ஊற்றச் சொல்வார்கள். அது பில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடியது, நோய் வந்தால் தனி வாளியில் வைத்துக் கொடுப்பதே சரி. கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம் நைட்ரைட் விஷத்தைத் தணிக்கும் என்பது உண்மைதான். கோரிடோராஸும் செடியும் இருக்கும் தொட்டியில் நைட்ரைட் தெரிந்தால் மட்டும், அதுவும் குறைவாக. நாலு வருடச் சிலிக்கானைப் பிரித்துப் புதிதாக ஒட்ட வேண்டுமா என்றால், ஓரம் நகத்துக்கு உரிந்து வராமல், நிறம் வெளுத்துக் கொப்புளம் இல்லாமல் இருக்கும்வரை தொடாதீர்கள்.

இரண்டடித் தொட்டிக்கு மட்டும் ஒரு விலக்கு. அதில் மணல் 15 கிலோ, கண்ணாடி 10 கிலோவுக்கு உட்பட்டது. தண்ணியை மணல் மட்டம் வரை வடித்துவிட்டு, அடியில் 18 மி.மீ. பிளைவுட் பலகை செருகி, பலகையை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் செடியோடு, மணலோடு அப்படியே போகலாம். மீனை முதலில் எடுத்துவிட வேண்டும். குப்பி, மோலி எல்லாம் ஒரே வாளியில், அதே தொட்டியின் ஸ்பாஞ்ச் பில்டரையும் அதே வாளியில் பேட்டரிப் பம்பில் ஓடவிட்டால் மீனுக்குக் காற்றும் ஆயிற்று, பாக்டீரியாவும் பிழைத்தது. கிளம்புகிற அவசரத்தில் வாளி மூடியில் ஓட்டை போட மறந்துவிடாதீர்கள். மோலி துள்ளும், மூடி கட்டாயம் வேண்டும்.